ஒரே பெயரில் இரண்டு கோப்புறை

ஜார்ஜ்டவுனில் ஒரே தெருவுக்கு இரண்டு பெயர் இருப்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. பெரியவர்கள் பிட் ஸ்திரீட் என்பார்கள், பலகையில் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்றிருக்கும். பீச் ஸ்திரீட்டுக்கும் லெபோ பந்தாய்க்கும் வழி கேட்டால் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுவார்கள். யூனிக்ஸ் கணினியிலும் இது உண்டு. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர் வைக்க 'எல்என்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. அதனால் யாரும் குழம்புவதில்லை.

குழப்பம் வருவது இதன் தலைகீழில். தெரு இரண்டு, பலகை ஒன்று. ஒரே இடத்தில், ஒரே பெயரில், இரண்டு கோப்புறைகள். இப்படி இருக்கவே முடியாது என்றுதான் நானும் இந்தப் பத்தியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு கோப்புறைக்குள் ஒரு பெயர் ஒருமுறைதான் வரலாம் என்பது யூனிக்ஸின் அடிப்படை விதி. அந்த விதி இன்றைக்கும் உடையவில்லை. ஆனால் தமிழில் பெயர் வைக்கிற நமக்கு, அது உடைந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும் சமயங்கள் உண்டு. அப்போது எதையாவது அழித்துவிட்டால், போனது போனதுதான்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் போன மாதம் அழைத்திருந்தார். அவர் கணவர் சென்ற ஆண்டு காலமானார். படம் எடுப்பதில் பைத்தியம் பிடித்த மனிதர். தண்ணீர்மலைத் தைப்பூசம், கோயில் திருவிழாக்கள், தாம் பிறந்து வளர்ந்த தோட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார். கடைசி ஐந்தாறு ஆண்டுகளாக அந்தப் பழைய ஃபிலிம் சுருள்களை உட்கார்ந்து ஸ்கேன் செய்து, ஒரு பழைய மேக் கணினியில் சேர்த்திருக்கிறார். டீச்சரின் அண்ணன் மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர். அத்தைக்காக ஒரு சிறிய லினக்ஸ் கணினி வாங்கி வைத்து, மேக்கில் இருந்த அத்தனையையும் வீட்டு நெட்வொர்க் வழியாக 'ஆர்சிங்க்' கட்டளையால் அதற்கு மாற்றியிருக்கிறார். மேக்கை வாங்கிக்கொள்ள ஆள் பார்த்தாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துப் போவார்கள்.

மாற்றி முடித்துப் பார்த்தால் 'கோயில்' என்ற கோப்புறை இரண்டு இருக்கிறது. 'பொங்கல்' இரண்டு. 'தோட்டம்' இரண்டு. "எல்லாம் டபுள் டபுளா வந்திருக்கு அண்ணே. ஒரு செட்ட அழிச்சிட்டா சரியாப் போயிடும்ல?" என்று தம்பி என்னிடம் கேட்டார். தொடாதீர்கள், வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்ப்பதற்கு முன் அவரை ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: எந்தெந்தப் பெயர்கள் இரண்டாக வந்திருக்கின்றன, எவை ஒன்றாகவே இருக்கின்றன? பட்டியலைப் புலனத்தில் அனுப்பினார். இரண்டாக வந்தவை: கோயில், பொங்கல், தோட்டம், ஜெலுத்தோங், கொம்தார், கோலாலம்பூர். ஒன்றாக இருப்பவை: தைப்பூசம், தீபாவளி, பள்ளி, பினாங்கு, பேராக். முதல் வரிசையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு ஒகரமோ ஓகாரமோ உயிர்மெய்யாக வருகிறது. இரண்டாவது வரிசையில் ஒன்றில்கூட இல்லை. பாதிக் கதை அதிலேயே வெளியாகிவிட்டது.

'கோ' என்ற எழுத்தை அந்தக் காலத்து அச்சகத்தில் எப்படிக் கோப்பார்கள்? இரட்டைச்சுழிக் கொம்பு ஓர் அச்சு, 'க' ஓர் அச்சு, கால் ஓர் அச்சு. மூன்று ஈயத் துண்டுகள். கணினிக்கு யூனிகோடு வந்தபோது இந்த எழுத்துக்கு இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, 'க'வுக்குப் பிறகு ஓகாரக் குறி என்ற ஒரே குறி. மற்றொன்று, 'க'வுக்குப் பிறகு ஏகாரக் குறி, அதன்பின் கால், ஆக இரண்டு குறிகள். கொ, கௌ வரிசைகளுக்கும் இப்படியே. தனி 'ஔ'வுக்கும் உண்டு. இரண்டு வழியில் எழுதினாலும் ஒரே எழுத்து என்றுதான் கொள்ள வேண்டும் என்பது யூனிகோடின் விதி. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் காண முடியாது.

நாம் விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் கிடைப்பது சேர்ந்த வடிவம். மேக் கணினியோ, 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறையில், நாம் எப்படித் தட்டினாலும் பெயரைப் பிரித்து, ஏகாரக் குறியாகவும் காலாகவும்தான் எழுதி வைக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். எப்படியோ, மேக்கில் இருக்கும் வரை இந்தச் சங்கடம் யாருக்கும் தெரியாது. அங்கிருந்து பெயர் லினக்ஸுக்கு வரும்போதுதான் தெரியும்.

ஏன் என்றால், லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. கோப்பின் பெயர் என்பது அதற்கு வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்வுக்கோடும் பூஜ்ஜிய பைட்டும் மட்டும் பெயருக்குள் வரக்கூடாது, வேறு எது வந்தாலும் அதற்குக் கவலையில்லை. இது குறையல்ல, நமக்குக் கிடைத்த வாய்ப்பு என்றுதான் சொல்வேன். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் முதல்வரான கென் தாம்சனும், உடன் பணியாற்றிய ராப் பைக்கும் 1992இல் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைக் காகிதத்தில் எழுதிப் பார்த்து உருவாக்கியதுதான் யுடிஎஃப்-8 என்ற குறியேற்றம். உலகத்து எழுத்தெல்லாம் அதில் அடங்கும். ஆனால் எந்த எழுத்தின் பைட்டுகளுக்குள்ளும் அந்தச் சாய்வுக்கோடு தற்செயலாக வந்துவிடாது. அதனால்தான் அதற்கு முன்பே எழுதப்பட்ட யூனிக்ஸின் அடித்தளத்தில் கை வைக்காமலேயே நாம் இன்று 'கோயில்' என்று பெயர் வைக்க முடிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்: பைட் மாறினால் அதற்கு வேறு பெயர்.

டீச்சர் வீட்டில் கோப்பி குடித்து முடித்து, முனையத்தைத் திறந்தோம். (புதிய வாசகர்களுக்கு: இந்தப் பத்தியில் கட்டளைகளை ஒலிப்பில்தான் எழுதுவது வழக்கம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குறிகளையும் இடைவெளிகளையும் இங்கே இருப்பதுபோலவே.)

முதலில் தம்பியைத் தட்டச் சொன்னேன். 'எல்எஸ்' என்றதும் இரண்டு 'கோயில்' வந்தன. 'சிடி கோயில்' என்றதும் ஒன்றுக்குள் போனார். அதற்குள் டீச்சர் சேர்த்த படங்கள் இருந்தன. மற்றொன்றுக்குள் எப்படிப் போவது? எத்தனை முறை தட்டினாலும் முதலில் சொன்னதற்குள்தான் போகிறது. டீச்சரின் கோயிலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் தட்டினால், 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்கிறது. கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறது, இல்லை என்கிறது. தம்பி சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

'கோ' என்று தட்டி டேப் விசையை அழுத்தினாலும் பயனில்லை, நாம் தட்டியதே சேர்ந்த வடிவம் அல்லவா? வெறும் 'க' என்று மட்டும் தட்டி டேப் அழுத்தினால் இரண்டும் வரும். அதைவிட வசதி நட்சத்திரக் குறி. 'எல்எஸ் -டிஐ க*யில்' என்று கொடுத்தேன். 'க'வுக்கும் 'யில்'லுக்கும் நடுவே எது இருந்தாலும் சரி என்று பொருள். இரண்டு பெயரும் வந்தன, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எண். அதற்கு ஐநோட் எண் என்று பெயர். நம் அடையாள அட்டை எண் மாதிரி. பெயர் ஒன்றுபோல இருக்கலாம், அடையாள எண் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காது. இரண்டு எண்களும் வேறு வேறாக இருந்தன.

பைட்டையே பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசாமிகளுக்கு: 'எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி' என்று கொடுங்கள் (சமக்குறிக்கு முன்னும் பின்னும் உள்ளவை மட்டும் பெரிய எழுத்து). கணினி தமிழ் எழுத்தை விட்டுவிட்டு எண்களைக் காட்டும். ஒரு கோயிலின் முதல் எழுத்து 340 256 225 340 257 213 என்று வந்தது. மற்றதன் முதல் எழுத்து 340 256 225 340 257 207 340 256 276 என்று மூன்று பைட் கூடுதலாக வந்தது. முன்னது ஓகாரக் குறி. பின்னது ஏகாரக் குறியும் காலும்.

ஆக, கணினி எதையும் இரட்டிக்கவில்லை. டீச்சர் லினக்ஸில் தாமே 'கோயில்' என்று ஒரு கோப்புறை உருவாக்கி வைத்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் கணவர் ஒரு தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்த படங்களை அதில் சேர்த்தார். பிறகு தம்மிடம் இருந்த சில பழைய படங்களையும் ஸ்கேன் செய்து போட்டார். மற்றது மேக்கிலிருந்து வந்த கணவரின் 'கோயில்'. தைப்பூசமும் தீபாவளியும் ஒகர ஓகாரம் இல்லாத பெயர்கள் என்பதால், இருவருடையதும் தானாக ஒரே கோப்புறையில் கலந்துவிட்டன.

"ரெண்டுலயும் ஒரே படந்தானே அண்ணே இருக்கு? நான் திறந்து பார்த்தேன்" என்றார் தம்பி. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் அழிப்பதற்கு முன் மேலோட்டம் போதாது. 'ஆர்எம்' கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் யாரோ இந்தக் கட்டளையை ஓட்டிவிட்டார்கள். படம் கண்ணெதிரே கரைந்துகொண்டே போனது. காப்பு நகலும் கைகொடுக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி.

ஒவ்வொரு படத்தின் உள்ளடக்கத்துக்கும் கைரேகை எடுத்துப் பார்க்கலாம். 'ஃபைண்ட் க*யில் -டைப் எஃப் -எக்ஸெக் எம்டி5சம் {} + | சார்ட்' என்று ஒரே வரி. பெயர் என்னவாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றானால் கைரேகையும் ஒன்று. வரிசைப்படுத்தியதும் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். முடிவு இது: கணவரின் கோயிலில் 412 படங்கள், டீச்சரின் கோயிலில் 380. இரண்டிலும் இருப்பவை 351. எந்தக் கோப்புறையை அழித்திருந்தாலும் நட்டம்தான். ஒன்றில் 61 படம் போயிருக்கும், மற்றதில் 29.

சரி, அந்த 351 படங்களில் ஒரு பிரதியை எடுத்துவிடலாம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் பட்டியலைத் திரையில் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கையை நீட்டி நிறுத்தினார். ஒரே கைரேகை கொண்ட இரண்டு வரிகள். ஒன்றில் கோப்பின் பெயர் 'ஐஎம்ஜி_0412'. மற்றதில், எந்த ஆண்டு, எந்தக் கோயில், இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு வாக்கியமே பெயராக இருந்தது. கணவர் படத்துக்குக் குறிப்பு எழுத வேறு இடம் தேடவில்லை. கோப்பின் பெயரையே குறிப்பாக்கிவிட்டார். டீச்சருக்குத் தம்ப் டிரைவில் கொடுத்தவை குறிப்பு எழுதுவதற்கு முந்தைய பிரதிகள். படம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் அதில் நிற்பவர்கள் யார் என்பது ஒன்றில் மட்டுமே இருந்தது. உள்ளடக்கம் ஒன்று என்று கைரேகை சொல்வது உண்மை, ஆனால் பெயரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தேவையற்ற பிரதிகளைத் தானாகக் களையும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் சில, இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நம்மைக் கேட்பதுகூட இல்லை. குடும்பப் படங்கள் பக்கம் அவற்றை அண்டவிடாதீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு வேறு ஒரு சந்தேகம் தட்டியது. வாக்கியம் வாக்கியமாகப் பெயர் வைக்கிற மனிதர் என்றால், நீளம் இடித்திருக்குமே? லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'கோயில்' என்ற மூன்றெழுத்துச் சொல், சேர்ந்த வடிவில் 18 பைட், பிரிந்த வடிவில் 21. கணக்குப் போட்டால் 85 குறிகள், நாம் எண்ணுகிற எழுத்தில் சுமார் ஐம்பது. அதற்குமேல் இடமில்லை. மேக்கின் பழைய முறையிலும் வரம்பு 255தான், ஆனால் அது பைட் கணக்கல்ல. அங்கே ஒரு தமிழ்க் குறி ஒன்றாகவே எண்ணப்படும். அங்கே அடங்கிய பெயர் இங்கே அடங்காது.

"மாத்தும்போது கடைசியில ஏதாவது வந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். "23ன்னு ஏதோ ஒரு நம்பர் வந்துச்சு அண்ணே. மத்ததெல்லாம் வந்திருச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். ஆர்சிங்க் 23 என்று சொல்லி முடித்தால், சில கோப்புகள் வந்து சேரவில்லை என்று பொருள். எவை என்று மேலே எங்கோ சொல்லியிருக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடிய பிறகு யார் மேலே போய்ப் பார்க்கிறார்கள்?

இதற்கு ஒரே மருந்து எண்ணிப் பார்ப்பது. இரண்டு கணினியிலும் 'ஃபைண்ட் . -டைப் எஃப் | டபிள்யூசி -எல்' என்று கொடுத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள் (மேக் தானாகப் போட்டு வைக்கும், புள்ளியில் தொடங்கும் கோப்புகளைக் கழித்துவிட வேண்டும்). கணவரின் கோயிலில் மேக்கில் 415. லினக்ஸில் 412. வராத மூன்றும் என்ன என்று பார்த்தோம். மிக நீளமான பெயர் கொண்டவை என்றால் வேறு எவையாக இருக்கும்? அதிகம் பேர் நின்ற படங்கள்தான். மூன்றும் குழுப்படங்கள். ஒன்றில் டீச்சரின் மாமனார் இருக்கிறார். சனிக்கிழமை அந்த மேக் வீட்டைவிட்டுப் போவதாக இருந்தது.

இதற்குப் பிறகு செய்ததெல்லாம் நிதானமான வேலை. வரிசையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் உதவும்.

மேக்கில் எதையும் தொடுவதற்கு முன், 'எல்எஸ் -1ஆர் > பெயர்கள்.டிஎக்ஸ்டி' என்று கொடுத்து ('ஆர்' மட்டும் பெரிய எழுத்து) எல்லாப் பெயர்களையும் ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டோம். அதை அச்சிட்டுக் கொடுத்தேன். டீச்சர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார், திருத்தும் பழக்கம் விடுமா? பிறகு அந்த மூன்று நீளப் பெயர்களையும் மேக்கிலேயே சுருக்கி, முழுக் குறிப்பை அதே பெயரில் ஒரு சிறு உரைக்கோப்பாகப் பக்கத்தில் வைத்து, அவற்றை மட்டும் மறுபடி மாற்றினோம். மூன்றில் ஒன்றைச் சுருக்காமலே கொண்டுவந்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அது வரம்பைத் தாண்டியது ஒன்பது பைட்தான். அதில் நான்கு இடத்தில் ஒகர ஓகாரம் வந்தது. சேர்ந்த வடிவில் எழுதினால் 12 பைட் மிச்சமாகி, உள்ளே நுழைந்திருக்கும்.

அடுத்து, லினக்ஸில் தட்டவே முடியாத அந்தப் பிரிந்த கோயிலுக்குத் தட்டக்கூடிய பெயர் வேண்டும். பெயரால் கூப்பிட முடியாதவரை எண்ணால் கூப்பிடலாம். 'ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம்' என்று தட்டி, முன்பு பார்த்த அடையாள எண்ணைச் சேர்த்து, '-எக்ஸெக் எம்வி -ஐ {} மாமா-படங்கள் \;' என்று முடித்தோம். பெயர் தம்பி வைத்தது. '-ஐ'யை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால், மேலே எழுதுவதற்கு முன் கேட்கும். பெயரில் வினோதமான குறி, கோடு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி என்று எது இருந்தாலும் இந்த எண் வழி கைகொடுக்கும். 1990களில் திஸ்கியில் பெயர் வைத்த கோப்புகள் பழைய குறுவட்டில் கிடக்கின்றன, பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டிப் பழகிய தலைமுறை அது. உங்களுக்கும் இதே வழிதான். உள்ளே இருக்கும் உரையை லினக்ஸின் 'ஐகான்வ்' யூனிகோடுக்கு மாற்றித் தரும், அதற்குத் திஸ்கி தெரியும்.

கடைசியாக, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுவது. அதற்குக் 'கான்எம்வி' என்று ஒரு கருவி இருக்கிறது. 'கான்எம்வி -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் .' என்று கொடுத்தால், என்னென்ன செய்யப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் போடும். எதையும் மாற்றாது. பட்டியலைப் படித்துத் திருப்தி என்றால், அதே வரியில் '--நோடெஸ்ட்' சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். புதிய பெயரில் ஏற்கெனவே வேறு கோப்பு இருந்தால் அதை விட்டுவிட்டுப் போகும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. எல்லாக் கட்டளைகளும் இப்படி முதலில் வாயால் சொல்லிவிட்டுச் செய்பவையாக இருந்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்! டீச்சரின் 29 படங்களை 'சிபி -என்' கொடுத்து மாமா-படங்களோடு சேர்த்தோம். அவருடைய பழைய கோயிலை அழிக்காமல் 'காத்திருப்பு' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்தோம். இப்போது வட்டு என்ன விலை விற்கிறது? பொங்கலுக்கும் தோட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் இதே வரிசைதான். அவற்றை அந்த வாரத்திலேயே தம்பி தனியாகச் செய்து முடித்தார். மேக்கை வாங்க வந்தவரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியாகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு ஜோடிகள் மிஞ்சின. 'ஸ்ரீ மாரியம்மன்' இன்னும் இரண்டாகவே நின்றது. இது ஓகாரச் சங்கதி அல்ல. 'ஸ்ரீ'யைப் பலர் 'ஸ'வில் தொடங்கி எழுதுகிறோம். 2005இல் யூனிகோடு 4.1இல் 'ஶ' என்ற எழுத்து வந்த பிறகு, சில விசைப்பலகைகள் அதில் தொடங்கி எழுதுகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் யூனிகோடு இவற்றை ஒரே எழுத்து என்று சொல்வதில்லை, ஆகவே கான்எம்வி தொடாது. கண்ணால் பார்த்து, எண்ணால் பிடித்து, கையால்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தோம்.

மற்றது 'கௌரி'. இதுவும் அந்த வகைதான் என்று பைட்டைப் பார்த்ததும் தெரிந்தது. ஒன்றில் முறையான ஔகாரக் குறி. மற்றதில் கொம்புக்கும் 'க'வுக்கும் பிறகு, சாதாரண 'ள' எழுத்தைத் தட்டியிருக்கிறார். திரையில் கிட்டத்தட்ட ஒன்றேதான். இரண்டும் கணவரின் மேக்கிலிருந்தே வந்தவை. இதையும் சேர்த்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

இரண்டையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும். இது என் தங்கச்சி கௌரி. அது ஜெலுத்தோங்ல பக்கத்து வீட்டுல இருந்த கௌரி. ஒரே பேரை ரெண்டு தடவை வைக்க விடமாட்டேங்குதுன்னு அன்னைக்கு ஒரு ராத்திரி பூரா அதோட மல்லுக்கட்டினார்."